நஞ்சக்கா அண்ணரை முடித்த கதை

ஒஸ்லோத் தமிழர்களில் ஆக அதிகம் பேரைக் கொன்றவர் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் நஞ்சக்காவைத்தான் காட்டும். பொலிஸ்காரர், பல் வைத்தியர், பூசகர், ஒரு சங்கீத ஆசிரியை, தமிழ்ப் பள்ளியின் நிர்வாக சபை முழுவதும் என்று அவர் கையால் போனவர்களை வைத்துத் தனியாக ஓர் ஊரே அமைக்கலாம். அத்தனை பேருக்கும் நஞ்சுதான். கத்தி, துவக்கு எல்லாம் அவருக்குச் சரிவராது. "ரத்தம் சிந்தினா பேந்து ஆர் துடைக்கிறது?" என்பார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கவலை அவருக்கு.

நீங்கள் பயப்பட வேண்டாம். பயப்படுகிற வேலையை இந்தக் கதையில் நான் பார்த்துக்கொள்கிறேன். நஞ்சக்கா மர்ம நாவல் எழுதுகிறவர்.

அவருடைய சொந்தப் பெயர் புத்தக அட்டையில் இருக்கிறது. ஆனால் ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் எங்கள் மாடிக் கட்டடத்தில் யாரும் அட்டையைப் பார்ப்பதில்லை. நேரே உள்ளே புகுந்து தங்களைத் தேடுவார்கள். கோயிலில் அவருடைய செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன பத்மநாதன், அடுத்த வருடம் 'பனிக்குள்ளே பத்மராசன்' என்ற நாவலின் முதல் பக்கத்திலேயே விறைத்துக் கிடந்தார். நானும் ஒருமுறை செத்திருக்கிறேன். பொங்கல் விழா மேடையில் அவரைப் பற்றி ஒரு பகிடி விட்டேன். அடுத்த நாவலில், ஊரையெல்லாம் பகிடி பண்ணும் ஒரு வழுக்கைத் தலையர் நண்டுக் கறி சாப்பிட்டார். இரண்டே வரியில் ஆள் சரி.

"கொஞ்சம் இழுத்துச் சாகடிச்சிருக்கலாமே அக்கா" என்று கேட்டேன்.

"உம்மடை கனம் அவ்வளவுதான் தம்பி" என்றார்.

அவரோடு மின்தூக்கியில் ஏறினால் பேச்சு இப்படித்தான் போகும். "எப்பிடி அக்கா, வேலை நடக்குதோ?" "ஓம். இண்டைக்குத்தான் பல்டொக்டரை முடிச்சனான். நாளைக்குப் பெண்சாதியையும் முடிச்சிட்டனெண்டால் நிம்மதி." பக்கத்தில் நிற்கும் நோர்வேஜியர்கள் எங்கள் மொழியின் இனிமையை ரசித்தபடி புன்னகைப்பார்கள்.

அவர் எழுதும் இடம் நிலக்கீழ்ச் சலவை அறை. கட்டடத்துக்கே பொதுவான அந்த அறையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை, உலர்த்தும் இயந்திரத்தின் தலையில் மடிக்கணினி. "மெஷின் சுத்தினாத்தான் எனக்கு மூளை சுத்தும்" என்பார். ஒருமுறை, பிணம் ஒன்றைக் கண்டுபிடிக்க ஆட்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அறிய, அங்கேயே தரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மூன்றாம் மாடி நோர்வேஜியர் வந்தார். பார்த்தார். அவரைத் தாண்டிப் போய்த் தன் போர்வைகளை மெஷினில் போட்டார். திரும்பவும் தாண்டிப் போய்விட்டார். மறுநாள் கதவில் ஓர் அறிவித்தல் தொங்கியது: சலவை அறையில் படுப்பவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் மட்டும் படுக்கவும். "இந்த நாட்டிலை கொலை செய்யிறது எவ்வளவு சுகம் பாத்தீரே?" என்று நஞ்சக்கா பூரித்துப் போனார்.

நோர்வே அவருக்காகவே செய்த நாடு. ஈஸ்டர் விடுமுறை வந்தால் சனம் முழுக்க மலைக் குடில்களுக்குப் போய்த் தோடம்பழம் உரித்தபடி கொலைக்கதை வாசிக்கும். பால் பெட்டியின் முதுகிலும் ஒரு குட்டிக் கொலைக்கதை அச்சடித்திருக்கும். "சாமி உயிர்த்தெழும்புற கிழமையிலை பிணத்தைத் தேடிற சனம் தம்பி, எங்களுக்கு இதைவிட என்ன வேணும்?" என்பார் நஞ்சக்கா.

எங்களுக்கு நேர் மேலேதான் அவருடைய வீடு. வரவேற்பறைச் சுவர் முழுக்கக் குடும்பப் படங்கள். எல்லாரும் காலமானவர்கள், ஆனால் எப்படிக் காலமானார்கள் என்பது கேட்கும் நாளைப் பொறுத்தது. அவருடைய பெரியப்பா நான் முதல் தடவை போனபோது கிணற்றில் விழுந்து செத்தார். அடுத்த தடவை யானை மிதித்தது. மூன்றாம் தடவை பெரியம்மா பாயாசத்தில் ஏதோ கலந்துவிட்டார். "அக்கா, இதிலை எது உண்மை?" என்றால், "எது உமக்கு நம்பேலாமல் இருக்குதோ, அதுதான்" என்பார். ஒரே ஒரு படத்துக்கு மட்டும் கதை கிடையாது. அரும்பு மீசையோடு அவருடைய தம்பி, ஊரில் சண்டை நடந்த காலத்தில் எடுத்த படம். அந்தக் கண்ணாடியை மட்டும் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். ஏன் எல்லா நாவலிலும் முதல் பக்கத்திலேயே பிணம் கிடைத்துவிடுகிறது என்று ஒருநாள் கேட்டேன். "ஆளைக் காணேல்லை எண்டு நான் ஒருநாளும் எழுத மாட்டன் தம்பி" என்றார். அன்றைக்கு மட்டும் எனக்கும் பகிடி வரவில்லை.

படங்களைக் காட்டிக்கொண்டே தேநீர் தருவார். தரும்போது, எந்தெந்த நஞ்சுக்கு ருசி இல்லை என்று விளக்குவார். அதனால் அந்த வீட்டில் தேநீர் குடித்தவர் எவருமில்லை, என் அண்ணரைத் தவிர.

அண்ணரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு உடன்பிறப்பென்று மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணி காலமான பிறகு அவரைத் தனியே விட மனம் வராமல், நானும் என் மனைவி வதனியும் எங்கள் வீட்டுச் சின்ன அறைக்குக் கூட்டிவந்தோம். சாப்பிடுவார், செய்தி பார்ப்பார், படுப்பார். எதையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்க மாட்டார். நானும் என் கைவசம் இருந்த பகிடி எல்லாவற்றையும் அவரிடம் விட்டுப் பார்த்துவிட்டேன். "ம்" என்பார். மேடையில் முந்நூறு பேரைச் சிரிக்க வைத்த எனக்கு அந்த "ம்"மைத் தாண்ட முடியவில்லை.

அப்படிப்பட்டவர், ஒருநாள் நஞ்சக்கா வீட்டுத் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமே?" என்றார்.

அன்றிலிருந்து அண்ணர் ஒவ்வொரு பின்னேரமும் மேலே போகத் தொடங்கினார். "பேருந்து ஓட்டுறதைப் பற்றி ஏதோ கேக்கிறா. கதைக்கு வேணுமாம்" என்றார். ஊரே 'அக்கா' என்று அழைக்கும் ஒருவரை அண்ணர் திடீரென்று 'எழுத்தாளர்' என்று சொல்லத் தொடங்கியதையும் கவனித்தேன். ஒரு யாழ்ப்பாணத்தான் ஒருத்தியை அக்கா என்று அழைப்பதை நிறுத்தினால் அதில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டேன். என்ன இருக்கிறது என்பதில்தான் கோட்டை விட்டேன்.

பிறகு வந்தது பெரிய வெள்ளி. கட்டடமே மலைக்குப் போய்விட்டது. அரசாங்க விடுமுறையில் சலவை மெஷினைத் தொடக்கூடாது என்பது எங்கள் கட்டடத்தின் முதல் கட்டளை. நான் ஏன் அழுக்குத் துணியோடு கீழே போனேன் என்று கேட்காதீர்கள். கதவடியில் நஞ்சக்காவின் குரல் கேட்டது. துரொண்ட்ஹெய்மில் இருக்கும் தங்கையோடு தொலைபேசியில் ஒலிபெருக்கி போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓமடி, தீர்மானிச்சிட்டன். போஸ்க கழிஞ்ச சனிக்கிழமை ஆளை முடிக்கிறதுதான்." போஸ்க என்றால் ஈஸ்டர்.

"ஆர், அந்த பஸ்காரரையோ?"

"வேறை ஆரை? பாவம், நல்ல மனிசன். கனக்க இழுத்தடிக்கக் கூடாது."

"கீழ்வீட்டுத் தம்பிக்காரனுக்குத் தெரியுமோ?"

"அந்த விசரனுக்கு மூச்சும் விடேல்லை. அறிஞ்சா ஊரைக் கூட்டிப்போடும். எல்லாம் முடிஞ்ச பிறகு சொல்லுவம்."

"சாட்சியள்?"

"ரெண்டு பேரையும் பாத்து வைச்சிட்டன்."

சாட்சிகளையும் சேர்த்து மூன்று பிணங்கள்! நான் துணிக் கூடையை அணைத்துக்கொண்டு படிகளில் ஓடினேன். மின்தூக்கி இருப்பது நினைவுக்கு வந்தபோது எங்கள் மாடியையும் தாண்டி இரண்டு மாடி போயிருந்தேன்.

வதனியிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் அண்ணருக்குப் புது வேட்டி ஒன்றை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். வெள்ளை வேட்டி. "உங்கடை கறுப்புக் கோட்டு இப்பவும் அளவோ?" என்று என்னைக் கேட்டாள். "ஏன்?" என்றேன். "சும்மாதான்" என்றாள். இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் வதனி எதையும் சும்மா கேட்டதில்லை. அவளும் நஞ்சக்காவின் ஆள்! அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாட்டையும் முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் அண்ணர் என் தோளில் கைவைத்து, வழக்கத்துக்கு மாறாகக் கனிவோடு சொன்னார்: "தம்பி, என்ரை கட்டிலை ஆருக்கும் தேவையெண்டால் குடு. இனி எனக்குத் தேவைப்படாது."

அண்ணருக்கே தெரிந்திருக்கிறது! தெரிந்தும் போகிறார்! அண்ணியிடம் போகத்தான் இந்த மனிதர் விரும்பிவிட்டாரோ என்று நினைத்தபோது, அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காப்பாற்றியே தீருவதென்று அன்று பின்னேரம் நானும் அவரோடு மேலே போனேன். நஞ்சக்கா தேநீர் வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பிய நொடியில், அண்ணரின் கோப்பையையும் என் கோப்பையையும் மாற்றி வைத்தேன். மாற்றிய பிறகுதான், இனி நான்தான் நஞ்சைக் குடிக்க வேண்டும் என்பது உறைத்தது. அவசரமாகப் பக்கத்தில் இருந்த பூச்சாடியில் ஊற்றினேன்.

"தம்பி" என்று பின்னாலிருந்து நஞ்சக்காவின் குரல் வந்தது. "அது பிளாஸ்ரிக் செடி."

தேநீர் சாடியின் அடியால் வழிந்து மேசை விரிப்பில் பரவியது. அண்ணர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. நஞ்சின் முதல் அறிகுறி என்று எண்ணினேன். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எண்ணவே தோன்றவில்லை. அவர் சிரித்து அவ்வளவு காலம் ஆகியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், வேறு வழியில்லாமல் பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். நோர்வேஜிய மொழியில் நஞ்சுக்குச் சொல் 'யிஃப்ட்'. கலியாணமானவர் என்பதற்கும் அதே 'யிஃப்ட்'தான். மொழி வகுப்பில் எல்லோரும் முதல் கிழமையிலேயே சிரித்துவிடும் பகிடி இது. நானே மேடையில் எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன். ஆனால் பயம் வந்தால் எனக்கு இலக்கணம் போய்விடும். 'மேல்வீட்டுப் பெண் என் அண்ணருக்கு நஞ்சு கொடுக்கப் போகிறாள்' என்று சொல்ல நினைத்தேன். வினைச்சொற்கள் எல்லாம் தப்பி ஓடி, "என் அண்ணர்... நாளைக்கு... மேல்வீட்டுப் பெண்... யிஃப்ட்!" என்று வந்தது.

"ஓ! வாழ்த்துக்கள்!" என்றது மறுமுனையில் ஓர் இளம் பெண்குரல்.

"வாழ்த்தா? என்ன கதைக்கிறீர்கள்? இது அவளுக்கு முதல் தடவை இல்லை!"

"இந்தக் காலத்தில் யாருக்குத்தான் முதல் தடவை?"

"எல்லாம் இரகசியமாக நடக்கிறது. குடும்பத்துக்கே தெரியாது!"

"பெரிய செலவில்லாமல் அமைதியாகச் செய்வது நல்லதுதானே."

"நீங்கள் வர மாட்டீர்களா?"

"அழைப்புக்கு நன்றி. பாட்டுச் சத்தம் கூடிவிட்டது என்று அயலவர்கள் சொன்னால் மட்டுந்தான் நாங்கள் வருவோம்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

இந்த நாட்டில் வரி கட்டி என்ன பிரயோசனம் என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

சனிக்கிழமை காலை அண்ணர் "ஒரு அலுவல்" என்று புறப்பட்டார். குளிர்க் கோட்டுக்குக் கீழே வேட்டிக் கரை தெரிந்தது. சற்று நேரத்தில் வதனி, "கடைக்குப் போட்டு வாறன், உருளைக்கிழங்கு முடிஞ்சுது" என்றாள். உருளைக்கிழங்கு வாங்கக் காஞ்சிபுரம் பட்டு கட்டிக்கொண்டு போன பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்தொடர்ந்தேன். அம்மருட் நிலையத்தில் அண்ணர், வதனி, நஞ்சக்கா மூவரும் ஒன்றாக ரயில் ஏறினார்கள். நான் அடுத்த பெட்டியில், ஒரு பெரிய நாயின் பின்னால் குனிந்திருந்தேன். நாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. இந்தக் கதையில் சரியான ஆளைச் சந்தேகித்தது அது ஒன்றுதான்.

நகர மையத்தில் இறங்கித் துறைமுகப் பக்கம் நடந்தார்கள். செங்கல் கோபுரங்கள் இரண்டோடு நிற்கும் நகர மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். பகல் வெளிச்சத்தில், அரசாங்கக் கட்டடத்தில் கொலை! நஞ்சக்காவின் துணிச்சலை எண்ணி வியந்தபடி, எந்தக் கதவால் போனார்கள் என்று தெரியாமல் வெளிநாட்டுச் சுற்றுலாக் கூட்டமொன்றோடு சேர்ந்து கொஞ்ச நேரம் சுவரோவியங்களைப் பார்த்தேன். பிறகு ஒரு கதவுக்குப் பின்னால் அண்ணரின் இருமல் கேட்டது. தள்ளித் திறந்தேன். அண்ணரின் முகம் நஞ்சக்காவின் முகத்தை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தது. நஞ்சக்காவின் கையில் கோப்பை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவும் நான் நிற்கவில்லை.

"அண்ணை! வாயிலை ஒண்டும் வைக்காதை!"

அந்த நொடியில்தான், எதிரே நின்ற நோர்வேஜியப் பெண் அதிகாரி "இனி நீங்கள் முத்தமிடலாம்" என்று சொல்லி முடித்திருந்தாராம்.

நஞ்சக்கா பச்சைப் பட்டுச் சேலையில் இருந்தார். கையில் சின்னப் பூச்செண்டு. ஒரு பக்கம் சாட்சியாக வதனி. மறுபக்கம், என்னைப் பார்த்துத் தலையசைத்தபடி, அந்த மூன்றாம் மாடி நோர்வேஜியர், கோட்டும் கழுத்துப் பட்டியுமாக.

"இவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் அதிகாரி.

"என் கணவரின் தம்பி" என்றார் நஞ்சக்கா, கொஞ்சமும் அசையாமல். "எங்களை வாழ்த்துகிறார்."

"அக்கா, நீங்கள்தானே சலவை அறையிலை சொன்னனீங்கள், போஸ்க கழிய ஆளை முடிக்கிறன் எண்டு!"

வதனி தலையில் கைவைத்தாள். "ஓமப்பா, முடிக்கிறா. நானுந்தான் உங்களை முடிச்சனான். உயிரோடைதானே நிக்கிறியள்?"

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒருவரை முடிப்பதென்றால் கலியாணம் செய்வது. "அவள் ஆரை முடிச்சவள்?" என்று பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்த காது இது. நஞ்சக்கா வாயிலிருந்து வந்ததும் அதற்குப் பிணம் மட்டுந்தான் கேட்டிருக்கிறது. தமிழில் ஒரு குழி, நோர்வேஜிய மொழியில் ஒரு குழி. இரண்டிலும் தேடிப்போய் விழுந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றேன்.

அண்ணர் வேட்டிக் கரையைப் பார்த்தபடி நின்றார். "நீ பகிடி பண்ணுவாயெண்டு பயமாய்க் கிடந்தது தம்பி. வயசுபோன மாப்பிள்ளை எண்டு மேடையிலை சொன்னியெண்டால்... எனக்குப் பரவாயில்லை. அவவுக்கு வெக்கமாய் இருக்கும்."

என் வாயின் வாசலில் ஏழெட்டுப் பகிடிகள் வந்து வரிசையில் நின்றன. எல்லாம் நல்ல பகிடிகள். அவற்றில் ஒன்றையும் வெளியே விடவில்லை. அண்ணரின் கழுத்துச் சால்வை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை நேராக்கிவிட்டேன்.

வெளியே வந்து படிகளில் படம் எடுக்கும்போது நஞ்சக்கா என் பக்கமாக வந்தார். "என்ன தம்பி, இனி என்னை அக்கா எண்டு கூப்பிடேலாதே?"

முறைப்படி இனி அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தச் சொல்லால் நான் அழைத்த ஒருத்தி இருந்தாள். எனக்கு அவள் கையால் நிறையச் சோறு கிடைத்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்த நஞ்சக்காவுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"அது அவவின்ரை பேர். அவவுக்கே இருக்கட்டும்" என்றார் மெதுவாக. "நீர் என்னை நஞ்சக்கா எண்டே கூப்பிடும். எத்தினை வருசமாய் முதுகுக்குப் பின்னாலை கூப்பிடுறியள், ஒருக்கால் முகத்துக்கு நேரை கூப்பிட்டால் என்ன?"

அண்ணரின் சின்ன அறை இப்போது காலியாக இருக்கிறது. கட்டிலை இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. பின்னேரங்களில் மேல்வீட்டில் நஞ்சக்கா அன்றைக்கு எழுதியதை அண்ணருக்கு வாசித்துக் காட்டுவார். சொற்கள் எங்களுக்குக் கேட்பதில்லை, குரல் மட்டும் ஏறி இறங்கும். பிறகு ஒரு சின்ன மௌனம். யாரோ பாவம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். உடனே அண்ணர் சிரிக்கிறார். விழுந்து விழுந்து சிரிக்கிறார், இருமும்வரை சிரிக்கிறார். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி இருக்கிறேன். இன்னும் ரெண்டு பேரைச் சாகடியுங்கோ, நஞ்சக்கா.